வீட்டில் நீச்சல் குளம், இரண்டரை வயதுக் குழந்தை: வேலிச் சான்றிதழ் இருந்தால் போதுமா?

நீங்கள் எழுதியிருப்பது இதுதான். சிட்னியின் மேற்குப் பகுதியில் வீடு வாங்கியிருக்கிறீர்கள். பின்புறம் நீச்சல் குளம், அதை ஒட்டி உட்கார்ந்து குளிக்கும் வெந்நீர்த் தொட்டியான ஒரு ஸ்பா. மகளுக்கு இரண்டரை வயது. டிசம்பரில் ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வருகிறார்கள். வீட்டை விற்றவர் கொடுத்த தாள்களோடு குளத்து வேலிக்கான சான்றிதழும் இருக்கிறது. அது போதுமா, அலாரம் ஒன்று வாங்கி மாட்ட வேண்டுமா, பிள்ளையை நீச்சல் வகுப்பில் சேர்த்துவிட்டால் கவலை தீருமா என்று கேட்கிறீர்கள். மூன்று கேள்வி போலத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான்: எதைச் செய்துவிட்டால் அந்தக் குளத்தை மறந்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம்? அப்படி ஒரு பொருளோ தாளோ கிடையாது. அதற்காக மண்ணைக் கொட்டிக் குளத்தை மூட வேண்டும் என்றும் நான் சொல்லப்போவதில்லை.

பதினோரு ஆண்டுகளாக நியூ சவுத் வேல்ஸில் வீட்டுக் குளங்களின் வேலியை அளந்து பார்த்துச் சான்றிதழ் எழுதுவதுதான் என் பிழைப்பு. அதற்கு முன் திருச்சியில் கட்டடப் பொறியாளராக இருந்தேன். வேலி, கேட், தாழ்ப்பாள் இவற்றைப் பற்றி நான் சொல்வதைத் தாராளமாக நம்பலாம். நீச்சல் கற்றுக்கொடுப்பதிலும் மருத்துவத்திலும் நான் நிபுணன் இல்லை. அதில் எனக்கு இருப்பது முதலுதவி வகுப்புகளில் கற்றதும் தேடிப் படித்ததும் மட்டுமே. சட்டம் என்று நான் சொல்வதும் இந்த மாநிலத்துக்குத்தான். விக்டோரியாவிலோ குயின்ஸ்லாந்திலோ இருப்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

குளம் உள்ள வீட்டில் குழந்தையின் நாளை நான் இரண்டாகப் பிரித்துப் பார்ப்பேன். குழந்தை தண்ணீரில் இருக்கிறாள் என்று உங்களுக்குத் தெரிந்த நேரம் ஒன்று. தெரியாத நேரம் மற்றொன்று. நீங்கள் அடுப்படியில் தோசை சுட்டுக்கொண்டிருப்பீர்கள், பிள்ளை ஹாலில் கார்ட்டூன் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். அவள் பின்கதவு வழியாக வெளியே போயிருப்பாள். முதல் நேரத்துக்குக் காவல் பெரியவர்களின் கண். இரண்டாவதற்குக் காவல் வேலி. ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது. எல்லோரும் பயப்படுவது முதலாவதற்கு. நடக்கப் பழகிய வயதிலிருந்து நாலு வயது வரை அதிகம் பறிகொடுப்பது இரண்டாவதில்தான். அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் 1980-களில் அரிசோனா, கலிபோர்னியா, ஃபுளோரிடா மூன்றிலும் வீட்டுக் குளங்களில் மூழ்கிய ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் பற்றி விசாரித்தது. அவர்களில் 69 விழுக்காட்டினர் அந்த நேரத்தில் குளத்தருகே இருப்பார்கள் என்று யாருமே எதிர்பார்க்கவில்லை. 77 விழுக்காட்டினர் கண்ணில் படாமல் இருந்தது ஐந்து நிமிடமோ அதற்கும் குறைவோதான். கணக்கு பழையது, பிள்ளைகள் மாறிவிடவில்லை. ஆஸ்திரேலியாவிலும் இந்த வயதில் மூழ்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் நீந்தப் போனவர்கள் இல்லை, தவறி விழுந்தவர்கள்.

அதனால் வேலியில் தொடங்குகிறேன். நான் சொல்லப்போவதிலேயே சந்தேகத்துக்கு இடமில்லாத பகுதி இதுதான். குளத்தை நான்கு பக்கமும் சுற்றி, வீட்டிலிருந்தும் முற்றத்திலிருந்தும் தனியாகப் பிரிக்கும் வேலி ஒரு வகை. மூன்று பக்கம் வேலி, நான்காவது பக்கம் வீட்டின் சுவரும் கதவும் என்று இருப்பது இன்னொரு வகை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு இந்த இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்த மதிப்பாய்வில், மூன்று பக்க வேலியோடு ஒப்பிட்டால் நான்கு பக்க வேலி உள்ள குளத்தில் குழந்தை மூழ்கும் வாய்ப்பு ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. காரணம் எளிது. மூன்று பக்க வேலியில் குழந்தைக்கும் தண்ணீருக்கும் நடுவே இருப்பது நீங்கள் தினமும் நூறு முறை திறந்து மூடும் பின்கதவு.

உங்கள் சான்றிதழை இதோடு சேர்த்துப் படியுங்கள். இங்கே 1992-ஆம் ஆண்டின் நீச்சல் குளச் சட்டம் இருக்கிறது. அது இடையிடையே திருத்தப்பட்டது. 2010 ஜூலை 1-க்குப் பிறகு கட்டிய குளத்துக்கு நான்கு பக்க வேலி கட்டாயம். அதற்கு முந்தைய குளங்களில் சிலவற்றுக்கு, கட்டிய ஆண்டைப் பொறுத்துச் சலுகை உண்டு. வீட்டுச் சுவரே ஒரு பக்கமாக இருக்கலாம், குளத்தைப் பார்த்த கதவும் சன்னலும் குழந்தை திறக்க முடியாதபடி இருந்தால் சரி. அப்படிப்பட்ட வீட்டுக்கும் நான் சான்றிதழ் கொடுப்பேன், கொடுத்தாக வேண்டும். சட்டப்படி அது சரி என்பதற்காக, இரண்டரை வயதுக் குழந்தை உள்ள வீட்டுக்கு அது போதும் என்று நான் சொல்ல மாட்டேன். உங்கள் ஹாலில் இருந்து சறுக்குக் கதவைத் தள்ளினால் நேராகக் குளம் என்றால், வேறு எதற்கும் செலவு செய்யும் முன் நான்காவது பக்கத்துக்கு வேலி போடுங்கள். இன்னொன்று: சான்றிதழின் ஆயுள் மூன்று ஆண்டு. ஆனால் அது சொல்வதெல்லாம் நான் வந்து பார்த்த அந்த முக்கால் மணி நேரத்தில் வேலி எப்படி இருந்தது என்பதை மட்டுமே. மறுநாள் காலையில் யாராவது ஒரு நாற்காலியை வேலியோரம் இழுத்துப் போட்டால் அது எனக்குத் தெரியவா போகிறது?

கேட்டுக்கு வருவோம். பரிசோதனையில் தேறாத வீடுகளில் பத்துக்கு ஏழெட்டில் குறை கேட்டில்தான் இருக்கும். இது புள்ளிவிவரம் இல்லை, என் குறிப்பேட்டைப் புரட்டியதில் வந்த மதிப்பு. கேட் குளத்துக்கு எதிர்ப்பக்கமாக, வெளிநோக்கித் திறக்க வேண்டும். கையை விட்டதும் தானாகவே மூட வேண்டும், மூடியதும் தானாகவே தாழ் விழ வேண்டும். எந்த நிலையிலிருந்தும் என்பது முக்கியம். பலர் அகலத் திறந்து விட்டுப் பார்க்கிறார்கள். வேகத்தில் வந்து ‘டக்’கென்று பூட்டிக்கொள்ளும், திருப்தியாகப் போய்விடுவார்கள். நீங்கள் தாழ்ப்பாளின் மேல் கேட்டை மெல்லச் சாய்த்து, ஒரு விரற்கடை இடைவெளியில் விட்டுப் பாருங்கள். அங்கேதான் நிறைய கேட்டுகள் அப்படியே நின்றுவிடும். பார்வைக்கு மூடியது போல இருக்கும், குழந்தை தொட்டால் திறக்கும். ஸ்பிரிங் கீலின் இறுக்கம் நாளாக ஆகத் தளரும். ஒரு ஸ்க்ரூ டிரைவரால் திருகிச் சரிசெய்துவிடலாம். மேற்கு சிட்னியின் களிமண் இன்னொரு தொல்லை. மழைக்கு உப்பி, கோடையில் சுருங்கும். அதோடு கேட் தூணும் சாயும். ஜூனில் ஒழுங்காகப் பூட்டிய கேட் ஜனவரியில் அரை சென்டிமீட்டர் தள்ளி நிற்கும். மாதம் ஒரு முறை, கரண்ட் பில் வரும் நாள் மாதிரி ஏதாவது ஒன்றோடு முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டு கேட்டைச் சோதியுங்கள்.

வேலியின் அளவுகளை நீங்களே ஒரு டேப்பை வைத்துப் பார்த்துவிடலாம். வெளிப்பக்கத்தில் இருந்து உயரம் 1.2 மீட்டருக்குக் குறையக்கூடாது. அடியில் தரைக்கும் வேலிக்கும் நடுவே 10 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது, கம்பிக்கும் கம்பிக்கும் நடுவிலும் அப்படித்தான். பக்கத்து வீட்டு எல்லை வேலியே குளத்தின் ஒரு பக்கமாக இருந்தால் அது 1.8 மீட்டர் இருக்க வேண்டும். இதெல்லாம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். தவறுவது எங்கே என்றால், வேலிக்கு வெளியே 90 சென்டிமீட்டருக்குள் கால் வைத்து ஏறக்கூடிய எதுவும் இருக்கக்கூடாது என்ற விதியில்தான். வெள்ளைக்காரர் வீட்டில் அது பார்பிக்யூ அடுப்பாகவோ குப்பைத் தொட்டியாகவோ இருக்கும். நம் வீடுகளில் கறிவேப்பிலைத் தொட்டி. சிரிக்காதீர்கள், எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறேன்! குளத்தைச் சுற்றி வெயில் நன்றாக விழும், கண்ணாடி வேலி காற்றையும் தடுக்கும். கறிவேப்பிலை, துளசி, மல்லி எல்லாத் தொட்டியும் அங்கே வரிசையாக வந்து உட்கார்ந்துவிடும். முப்பது சென்டிமீட்டர் தொட்டி மேல் ஏறி நிற்கும் பிள்ளைக்கு 1.2 மீட்டர் வேலி 90 சென்டிமீட்டர் ஆகிவிடுகிறது. தொட்டியைத் தள்ளி வையுங்கள். அதோடு பிள்ளை தானே இழுத்து வரக்கூடிய பிளாஸ்டிக் நாற்காலி, முக்காலி, பொம்மைக் காரெல்லாம் முற்றத்தில் கிடக்க வேண்டாம். குளித்து முடித்ததும் பந்து, மிதக்கும் வாத்து, வளையம் எல்லாவற்றையும் தண்ணீரிலிருந்து எடுத்துவிடுங்கள். குழந்தை தண்ணீரைத் தேடிப் போவதை விட வாத்தைத் தேடிப் போவதுதான் அதிகம்.

இவ்வளவு பேசுகிற என் வீட்டில் என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் பொங்கலன்று, இங்கே நல்ல வெயில் காலம் அது, நண்பர்களை அழைத்திருந்தோம். குளத்தருகே நாற்காலி போட வேண்டும். இரண்டு கையிலும் நாற்காலியோடு ஒவ்வொரு முறையும் கேட்டைத் திறப்பது தொல்லை என்று, இருபது லிட்டர் தண்ணீர் கேனை முட்டுக் கொடுத்துக் கேட்டைத் திறந்தே வைத்தேன். வேறு யாருமில்லை, நான்தான் வைத்தேன். நான்காவது நடைக்குத் திரும்பி வந்தபோது மூன்று வயது மகள் குளத்தின் இரண்டாவது படியில், முழங்கால் அளவுத் தண்ணீரில், பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒன்றும் ஆகவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தாள். அன்றைக்குப் பொங்கல் எனக்கு இறங்கவில்லை. அடுத்த வாரத்திலிருந்து, வேலைக்குப் போகும் வீடுகளில் கேட் பக்கத்தில் செங்கல், கல், கயிறு ஏதாவது கிடக்கிறதா என்று முதலில் பார்க்க ஆரம்பித்தேன். விதியில் அது இல்லை. ஆனால் அந்தச் செங்கல் அங்கே எதற்கு இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

அப்புறம், பிள்ளை தண்ணீரில் இருக்கும் நேரம். இங்கே மூழ்கிச் சாவதைத் தடுக்க வேலை செய்யும் ‘ராயல் லைஃப் சேவிங்’ அமைப்பு சொல்வது: ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை தண்ணீரில் இருந்தால் பெரியவர் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பது அதில் சேராது. மூழ்கும் குழந்தை கத்தும், கையை வீசும் என்று சினிமா நம்மைப் பழக்கி வைத்திருக்கிறது. மூச்சுக்கே வாய் போதாதபோது கத்துவதற்கு வாய் எங்கே? சின்னக் குழந்தை பெரும்பாலும் சத்தமில்லாமல் அடங்கிவிடும். எத்தனை நொடியில் என்பதற்குப் பல எண்கள் உலவுகின்றன. எதையும் நான் நம்பி எண்ணிக்கொண்டிருக்க மாட்டேன். நீங்கள் போனில் ஒரு செய்தியைப் படித்துப் பதில் போடும் நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நம் வீட்டு விருந்துகளில் இது இன்னும் மோசம். பத்துப் பதினைந்து பெரியவர்கள் குளத்தைச் சுற்றி இருப்பார்கள், ஆளாளுக்கு ஒரு பேச்சு. மாமா பார்த்துக்கொள்வார் என்று சித்தி நினைப்பார், சித்தி இருக்கிறாரே என்று மாமா நினைப்பார். எங்கள் வீட்டில் ஒரு விசில் வைத்திருக்கிறோம். அதைக் கழுத்தில் மாட்டியவர்தான் காவல். இருபது நிமிடத்துக்கு ஒருவர். அவர் சாப்பிட மாட்டார், போன் எடுக்க மாட்டார், குடித்தவராகவும் இருக்கக்கூடாது. விசிலை இன்னொருவர் கழுத்தில் மாட்டிவிட்டுத்தான் நகரலாம். முதலில் எல்லோரும் கேலி செய்தார்கள். இப்போது பிள்ளைகளே “விசில் யாருகிட்ட?” என்று கேட்டுவிட்டுத்தான் இறங்குகிறார்கள். குளிக்கும் உடை வாங்கும்போது நீலமும் வெள்ளையும் வேண்டாம், நீலக் குளத்தின் அடியில் தெரியவே தெரியாது. பளிச்சென்ற ஆரஞ்சு, ரோஸ் நல்லது.

உங்கள் பெற்றோர் வருவதைப் பற்றி நீங்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. அவர்களுக்கு நீச்சல் தெரியுமா? தெரியாதென்றால், பேத்தி தண்ணீரில் விழுவதைக் கண்டதும் அவர்கள் என்ன செய்வார்கள் என்று உங்களுக்கே தெரியும்: யோசிக்காமல் குதிப்பார்கள். 2024 மார்ச் 31 அன்று, ஈஸ்டர் ஞாயிறு, குயின்ஸ்லாந்தின் சர்ஃபர்ஸ் பாரடைஸில் ஒரு ஓட்டல் குளத்தில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்தது. இந்திய வம்சாவளிக் குடும்பம். காப்பாற்றக் குதித்த தந்தையும் தாத்தாவும் இறந்துபோனார்கள். குழந்தை பிழைத்துக்கொண்டது. 2020 ஜூனில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில், புதிதாகக் குடிவந்த இந்தியக் குடும்பம் ஒன்றில் எட்டு வயதுச் சிறுமி, தாய், தாத்தா மூவரும் தங்கள் வீட்டுக் குளத்திலேயே மூழ்கி இறந்தார்கள். ஆகவே வேலியின் உட்பக்கம் எளிதில் கைக்கு எட்டும்படி ஒரு நீளக் கழியும், கயிறு கட்டிய மிதவை வளையமும் மாட்டி வையுங்கள். நீச்சல் தெரியாதவர் படுத்துக்கொண்டு கழியை நீட்டட்டும், வளையத்தை எறியட்டும். குளம் எங்கே ஆழமாகிறது என்று காட்டி, ஆழமில்லாத பக்கம் மட்டும் இறங்கி நின்று பார்க்கச் சொல்லுங்கள். அது தெரியாமல் இருப்பவருக்கு நடுவில் கால் சறுக்கிவிடும்.

ஸ்பா சின்னதுதானே என்று விட்டுவிடாதீர்கள். நீந்தவோ தண்ணீரில் விளையாடவோ பயன்படும், 30 சென்டிமீட்டருக்கு மேல் தண்ணீர் நிரப்பக்கூடிய எதையும் இங்கே சட்டம் குளமாகவே பார்க்கிறது. ஸ்பாவுக்கு மட்டும், குழந்தை திறக்க முடியாதபடி பூட்டும் மூடி இருந்தால் வேலி இல்லாமலும் இருக்கலாம். நடைமுறையில் நான் பார்ப்பது, மூடியின் நான்கு வாரில் இரண்டு அறுந்து, மீதி இரண்டு மாட்டாமல் தொங்கும். உங்களுடையது குளத்து வேலிக்கு உள்ளேயே இருக்கிறது என்கிறீர்கள், அது நல்லது. வெந்நீர் 40 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகக்கூடாது, அது பெரியவர்களுக்கான உச்சம். சின்ன உடம்பு சீக்கிரம் சூடேறிவிடும். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளை வெந்நீர் ஸ்பாவில் இறக்கவே வேண்டாம் என்பதுதான் அமெரிக்க நோய்த் தடுப்பு மையத்தின் அறிவுரை.

ஸ்பாவில் யாரும் கண்டுகொள்ளாத ஆபத்து அடியில் இருக்கும் உறிஞ்சு துளை. பம்ப் அந்த வழியாகத்தான் தண்ணீரை இழுக்கும். முதுகோ வயிறோ அதன் மேல் முழுதாக அப்பிக்கொண்டால் நூறு கிலோவுக்கு மேற்பட்ட விசை பிடித்து வைக்கும், பெரியவர் ஒருவர் இழுத்து எடுக்க முடியாது. 2002-இல் அமெரிக்காவில் ஏழு வயது வர்ஜீனியா கிரீம் பேக்கர் அப்படித்தான் ஸ்பாவில் சிக்கிக்கொண்டாள். நீந்தத் தெரிந்த பெண். அமெரிக்க வெளியுறவு அமைச்சராக இருந்த ஜேம்ஸ் பேக்கரின் பேத்தி. இரண்டு ஆண்கள் சேர்ந்து இழுத்து, துளையின் மூடி உடைந்த பிறகுதான் அவளை எடுக்க முடிந்தது. காப்பாற்ற முடியவில்லை. அவளுடைய தாயின் முயற்சியால் 2007-இல் அவள் பெயரிலேயே அங்கே குளம், ஸ்பா பாதுகாப்புச் சட்டம் வந்தது. பொதுக் குளங்களிலும் ஸ்பாக்களிலும் சிக்காத வகை மூடி கட்டாயமானது. உங்கள் ஸ்பாவில் தட்டையான பழைய மூடி இருக்கிறதா, விரிசல் இருக்கிறதா, ஒரே ஒரு துளைதானா, இரண்டு தள்ளித் தள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றுதான் என்றால், அல்லது மூடி உடைந்திருந்தால், குளம் பராமரிப்பவரை அழைத்து மாற்றும்வரை யாரும் இறங்க வேண்டாம். நம் பெண் பிள்ளைகளுக்கு நீளமான முடி. துளைக்குள் முடி இழுபட்டு முடிச்சு விழுவதும் உண்டு. கொண்டை போட்டு, தொப்பி மாட்டி இறக்குங்கள். பம்ப்பை நிறுத்தும் சுவிட்ச் எங்கே என்று வீட்டில் எல்லோருக்கும், தாத்தா பாட்டி உட்பட, தெரிந்திருக்க வேண்டும்.

காற்றடித்து நிரப்பும் பிளாஸ்டிக் குளம் வாங்கும் எண்ணம் இருந்தால், அதற்கும் அந்த 30 சென்டிமீட்டர் விதி பொருந்தும். சின்னதாக வாங்கி, பயன்படுத்தியதும் கொட்டிவிட்டுக் கவிழ்த்து வையுங்கள். ஊருக்கு விடுமுறையில் போகும்போது இதே கண்ணோடு போங்கள்: மூடி சரியாக உட்காராத சம்ப், கொல்லைப்புறத் தொட்டி, குளியலறையில் நிரம்பி நிற்கும் அண்டா. அங்கே வேலியும் கிடையாது, என்னைப் போல் ஒருவர் வந்து அளப்பதும் கிடையாது.

இனி அவ்வளவு உறுதியில்லாத விஷயங்கள். நீச்சல் வகுப்பு பற்றி 2009-இல் ஒரு அமெரிக்க ஆய்வு வந்தது. ஒன்று முதல் நான்கு வயது வரையில், முறையாக நீச்சல் வகுப்புக்குப் போன பிள்ளைகளிடம் மூழ்கும் அபாயம் 88 விழுக்காடு குறைந்திருந்தது என்று. நீச்சல் பள்ளிகள் அந்த எண்ணைப் பெரிதாகப் போட்டுக்கொள்வார்கள். அதே ஆய்வில் பிழை வரம்பு 3 விழுக்காட்டிலிருந்து 99 விழுக்காடு வரை விரிந்திருந்தது என்பதைப் போட மாட்டார்கள். அதாவது பயன் உண்டு என்று தெரிகிறது, எவ்வளவு என்பது தெளிவில்லை. வகுப்பில் சேருங்கள், நானும் என் மகளைச் சேர்த்தேன். ஆனால் வெதுவெதுப்பான குளத்தில், பழகிய டீச்சர் கையில் மிதக்கும் குழந்தை, உடுத்திய துணியோடு குளிர்ந்த தண்ணீரில் தடுக்கி விழும்போது அதையே செய்வாள் என்று எண்ணிவிடாதீர்கள். கையில் மாட்டும் காற்றுப் பட்டைகள் விளையாட்டுப் பொருள், உயிர்க்கவசம் அல்ல, கழன்றுகொள்ளும். அலாரம் இரண்டாம் காவலாக இருக்கட்டும். வேலி தவறிய பிறகுதான் அது கத்தும். காற்றுக்கும் பூனைக்கும் கத்தினால் ஒரு வாரத்தில் யாராவது அணைத்துவிடுவார்கள். பணம் இருக்கிறதென்றால் அலாரத்தைப் பின்கதவில் மாட்டுங்கள், அங்கே அது முன்கூட்டியே சொல்லும். வெயில் சூட்டைப் பிடித்து வைக்க மேலே மிதக்க விடும் மெல்லிய போர்வை பாதுகாப்பு மூடி அல்ல. அது நேர்மாறானது, பிள்ளை அதன் மேல் கால் வைத்தால் உள்ளே போய்விடும், மேலே போர்வை மூடிக்கொள்ளும், நீங்கள் பார்த்தாலும் தெரியாது.

முதலுதவி பற்றி, நான் மருத்துவன் இல்லை என்பதை நினைவில் வைத்துப் படியுங்கள். பெற்றோர் வருவதற்கு முன் நீங்களும் மனைவியும் ஒரு சி.பி.ஆர். (நெஞ்சை அழுத்தி, வாயில் ஊதி உயிர்ப்பிக்கும் முதலுதவி) வகுப்புக்குப் போய் வாருங்கள், அரை நாள் வேலைதான். குளத்தருகே சி.பி.ஆர். பலகை மாட்ட வேண்டும் என்று இங்கே சட்டமே இருக்கிறது. தூக்கியதும் குழந்தை பதில் தரவில்லை, ஒழுங்காக மூச்சு விடவில்லை என்றால் ஒருவர் அவசர உதவி எண் 000-ஐ அழைக்கட்டும், மற்றவர் தொடங்கட்டும். இங்கே வகுப்பில் சொல்லித்தருவது 30 முறை நெஞ்சை அழுத்தி 2 முறை ஊதுவது. ஐரோப்பாவில் மூழ்கியவருக்கு முதலில் ஐந்து முறை ஊதச் சொல்கிறார்கள். எது முதலில் என்பதில் நாட்டுக்கு நாடு வேறுபாடு இருக்கிறது. ஊதுவதை விட்டுவிடக்கூடாது என்பதில் இல்லை. மூழ்கியவருக்குக் குறைவது மூச்சுக்காற்று, ஆகவே நெஞ்சை மட்டும் அழுத்துவது போதாது. ஊரில் செய்வது போலக் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது இரண்டும் கூடவே கூடாது. நேரம் போகும், வயிற்றில் இருப்பது மூச்சுக்குழாய்க்குள் ஏறும். இதை உங்கள் அப்பாவிடம் முன்பே சொல்லி வையுங்கள், அந்த நேரத்தில் சொல்ல முடியாது.

வாட்ஸ்அப்பில் வரும் ‘உலர் மூழ்கல்’ பயமுறுத்தலும் உங்களுக்கு வந்திருக்கும்: நன்றாக விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை மூன்று நாள் கழித்துத் தூக்கத்தில் இறந்தது என்று. அந்தச் சொல்லை மருத்துவ உலகம் ஏற்பதில்லை; 2002-இல் ஆம்ஸ்டர்டாமில் நடந்த மாநாட்டிலேயே கைவிடச் சொல்லிவிட்டார்கள். உண்மை என்னவென்றால், தண்ணீர் புரையேறித் திணறிய பிள்ளைக்கு அடுத்த சில மணி நேரத்தில் இருமல் விடாமல் தொடர்ந்தாலோ, மூச்சு வேகமானாலோ, வழக்கத்தை மீறிச் சோர்ந்து தூங்கினாலோ உடனே மருத்துவமனைக்குத் தூக்கிப் போக வேண்டும். நினைவு தப்பி எழுந்த பிள்ளை என்றால், நன்றாகத் தெரிந்தாலும் போய்விடுங்கள். ஒரு வாய் தண்ணீர் குடித்து, இருமிவிட்டு மறுபடி விளையாடப் போன பிள்ளைக்காக மூன்று இரவு கண்விழிக்க வேண்டியதில்லை.

கடைசியாக ஒன்று, இதை விதிப் புத்தகத்தில் பார்க்க முடியாது. கேட் தாழ்ப்பாளின் குமிழ் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும். பிள்ளைக்கு எட்டக்கூடாது என்பதற்காக. நம் அம்மாக்களில் பலர் ஒன்றரை மீட்டர் உயரமே இருப்பார்கள், தோள்வலி வேறு. துணி காயப்போட, செடிக்குத் தண்ணீர் ஊற்ற ஒவ்வொரு முறையும் அந்தக் குமிழைத் தூக்கி இழுக்க முடியாமல், “கேட்டைக் கொஞ்சம் திறந்தே வைப்பா” என்பார்கள். நீங்களும் வைப்பீர்கள். முதல் நாளே அம்மாவைக் கூட்டிப்போய் அவர் கையால் பத்து முறை திறந்து மூடச் சொல்லுங்கள். சிரமப்பட்டால், தாழ்ப்பாளைக் கேட்டின் உட்பக்கத்தில் கீழே வைத்து, சுற்றித் தகடு அடித்து, மேலாகக் கைவிட்டு எடுக்கும் அமைப்பும் சட்டப்படி உண்டு, வேலிக்காரரிடம் கேட்டால் மாற்றித் தருவார். துணிக் கொடியையும் கறிவேப்பிலைத் தொட்டியையும் வேலிக்கு வெளியே, தள்ளி வைத்துவிட்டால் அம்மாவுக்கு அந்தக் கேட்டில் வேலையே இருக்காது.